டபுள் காசைக் கொடுத்து இல்லாத காசைப் புடிக்கிறது எப்படி

பழைய காசு சேக்குற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல வர்ற தலைவலி ஒண்ணு இருக்கு, வேணாங்கிற காசு ஏழெட்டு சேந்து கெடக்கும், தேடுற காசு மட்டும் கண்ணுலயே படாது. என்கிட்ட ஒரு காலத்துல தாமரைப் பூ போட்ட 20 பைசா மட்டும் முப்பத்திமூணு இருந்துச்சு. அதுல தங்கம் கலந்திருக்குன்னு எங்க பக்கம் ஒரு பேச்சு, மோதிரம் அடிச்சுப் போட்டவங்களே உண்டு, இல்லைங்க அது பித்தளை வகை உலோகம்தான்னு சொன்னா நம்மள ஒரு மாதிரி பாப்பாங்க. அதனால பாட்டி, பெரியம்மா, எதுத்த வீட்டு அக்கான்னு ஆளாளுக்கு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில போட்டு வச்சிருந்ததெல்லாம் கடைசில என்கிட்ட வந்து சேந்துச்சு. இன்னைக்கு அதுல மூணுதான் பாக்கி. மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா வேற காசா மாறிடுச்சு.

நான் மருந்து கம்பெனி ரெப். வீடு கும்பகோணம், வாரத்துல அஞ்சு நாள் பைக்குல பாபநாசம், தஞ்சாவூர், மன்னார்குடி, திருவாரூர், நாகப்பட்டினம், மாயவரம்னு சுத்தற பொழப்பு. டாக்டருக்காக காத்துக்கெடக்குற நேரத்துல பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கிறவர்கிட்ட பேச்சு குடுத்தே, என்னை மாதிரி காசு சேக்குற நாலஞ்சு கலெக்டரைப் புடிச்சிருக்கேன். டீலர்கிட்ட பணம் கொடுத்து வாங்குறதை நான் தப்பு சொல்லல, நானும் வாங்குவேன், ஆனா என் ஆல்பத்துல பாதிக்கு மேல மாத்தி வாங்குனதுதான். அதை எப்படிப் பண்றதுன்னு புதுசா வர்றவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் மொத்தமா எழுதிடறேன்.

முதல்ல உங்ககிட்ட இருக்கிறது நெஜமாவே டபுளா, அதாவது ஏற்கனவே உள்ள அதே காசுதானான்னு பாருங்க. இது சின்ன விஷயமா தெரியும் ஆனா எல்லாரும் கோட்டை விடற இடம் இதுதான், நானும் விட்டிருக்கேன். சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த காசுன்னா வருஷத்துக்குக் கீழ லென்ஸ் வச்சுப் பாருங்க, வைரம் மாதிரி சின்ன குறி இருந்தா மும்பை மின்ட்டுல, அதாவது காசு அடிக்கிற ஆலையில, அடிச்சது, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், உருண்டையா ஒரு புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கல்கத்தா. நொய்டா மின்ட் ஆரம்பிச்சது 1988லதான். ஒரே வருஷம், ஒரே ஒரு ரூபாய், ஆனா நாலு மின்ட்டுன்னா அது நாலு காசு, டபுள் கெடையாது. இது போக 1990கள் கடைசில சில்லறைத் தட்டுப்பாடு வந்தப்ப வெளிநாட்டுல அடிச்சு எறக்குன காசும் இருக்கு, ஸ்லோவாகியாவுல கிரெம்னிட்சாங்கிற ஊர் மின்ட்டுல அடிச்ச ஒரு ரூபாய்ல எம்.கே.ன்னு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், மாஸ்கோல அடிச்சதுக்கு வேற குறி. நான் இதெல்லாம் தெரியாத காலத்துல மன்னார்குடி அண்ணன் ஒருத்தர்கிட்ட ஒரு ரூபாய் காசு பத்து, எல்லாம் டபுள்தானேன்னு அள்ளிக் கொடுத்துட்டு ரெண்டு நயா பைசா வாங்கிட்டு வந்தேன். அடுத்த மாசம் அவரே சிரிச்சுக்கிட்டே, "தம்பி, நீ கொடுத்ததுல ஒண்ணு எம்.கே. அதை எடுத்துட்டுப் போயிடு, எனக்கு ராத்திரி தூக்கம் வராது"ன்னு திருப்பிக் கொடுத்தாரு. அந்த மனுஷனோட பதினோரு வருஷமா மாத்திக்கிட்டு இருக்கேன், அன்னைக்கு அவர் கம்முனு இருந்திருந்தா அவருக்கு ஒரு எம்.கே. லாபம், அவ்வளவுதான்.

பத்து மடங்கு பெருசா காட்டுற லென்ஸ் ஒண்ணு வாங்கிக்குங்க, வாட்ச் ரிப்பேர் பண்றவங்க கண்ணுல மாட்டிக்குவாங்களே அந்த டைப் கூட போதும். போன் கேமராவுல ஜூம் பண்ணிப் பாக்குறது அவசரத்துக்கு ஓகே, ஆனா அது எழுத்தை வழவழன்னு ஆக்கிடும், ஏமாந்துடுவீங்க.

டபுளைப் பிரிச்சாச்சா, இப்ப நம்ம ஊர்ல எது சுலபமா கெடைக்குதோ அதுதான் உங்களுக்கு சரக்குன்னு புரிஞ்சுக்கணும். இங்க சாதாரணமா கெடக்குற காசு வேற ஊர்க்காரனுக்கு தவம் கெடந்தாலும் கெடைக்காது. 1995ல தஞ்சாவூர்ல எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்துச்சுல்ல, அதுக்கு திருவள்ளுவர் படம் போட்டு 1, 2, 5 ரூபாய் காசு விட்டாங்க. எங்க பக்கத்துல கடைக்காரங்க கல்லாவுல இருந்தே நான் பொறுக்கியிருக்கேன். வடக்க இருக்கிற ஒருத்தருக்கு அதுல மூணும் செட்டா கொடுத்தேன், பதிலுக்கு நான் ரொம்ப நாளா தேடிக்கிட்டிருந்த ரெண்டு காசு வந்துச்சு. அப்புறம் பெரிய கோயில் ஆயிரமாவது வருஷத்துக்கு 2010ல வந்த 5 ரூபாய், அண்ணா நூற்றாண்டுக்கு 2009ல வந்த 5 ரூபாய், அதுல அண்ணாவோட தமிழ்க் கையெழுத்து இருக்கும், தமிழ் எழுத்து உள்ள காசுன்னாலே வெளில ஒரு மவுசு.

சிங்கப்பூர் மலேசியா காசும் இங்க ஏராளம். எந்த வீட்டுல கேட்டாலும் ஒரு சித்தப்பாவோ மச்சானோ அங்க இருந்துட்டு வந்திருப்பாங்க, சாமி மாடத்துல ஒரு கிண்ணத்துல சில்லறை கெடக்கும். நாகூர், வேளாங்கண்ணி கடைத்தெருவுல பெட்டிக்கடைக்காரங்ககிட்ட செல்லாம மாட்டிக்கிட்ட வெளிநாட்டுச் சில்லறை டப்பா டப்பாவா இருக்கும், கேட்டா சந்தோஷமா தள்ளிவிடுவாங்க. மலேசியாவோட ஒரு ரிங்கிட் காசை 2005 டிசம்பர்ல செல்லாதுன்னு அறிவிச்சுட்டாங்க, அந்தக் காசு அந்த டப்பாவுல இருந்தா எடுத்து வைங்க. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் போனா சிலோன் செப்புக் காசு, நடுவுல ஒரு பனை ஜாதி மரம், ரெண்டு பக்கமும் சிங்களத்துலயும் தமிழ்லயும் மதிப்பு எழுதியிருக்கும். விக்டோரியா காலத்துல இருந்து அந்த டிசைன் ஓடியிருக்கு. முதல் முதலா அதை லென்ஸ்ல பாத்து அந்தத் தமிழ் எழுத்தைப் படிச்ச அன்னைக்கு நான் டாக்டர் விசிட்டையே மறந்துட்டேன், மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக்கதை.

தரங்கம்பாடி டேனிஷ் காசும், புதுக்கோட்டை அம்மன் காசும் நம்ம பக்கத்துல இன்னும் கெடைக்கிற ரெண்டு நல்ல சரக்கு. டேனிஷ்காரங்க 1620ல வந்து கோட்டை கட்டி 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போனாங்க, அதுவரைக்கும் அவங்க ராஜா பேரோட முதல் எழுத்தைப் பின்னி மேல ஒரு கிரீடம் வச்சு செப்புல காசு அடிச்சாங்க. அம்மன் காசு சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஒரு பக்கம் பிரகதாம்பாள் உக்காந்திருப்பா, இன்னொரு பக்கம் தெலுங்குல "விஜய"ன்னு இருக்கும், நவராத்திரிக்கு சமஸ்தானத்துல அரிசியோட சேத்துக் கொடுத்த காசு. புதுசா ஆரம்பிக்கிறவங்க மாத்திக்கிறதுக்கு இதைவிட நல்ல காசு இல்லைங்கிறது என் கருத்து, வெலை கட்டுபடியாகும், கதை பெருசு, எல்லாருக்கும் ஒண்ணு வேணும்.

அடுத்தது தேடுற லிஸ்ட். "எது இருந்தாலும் பரவால்ல அண்ணே" அப்படின்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, சொன்னா அவங்க வீட்டுல கெடக்குற தேஞ்சுபோன காசெல்லாம் உங்க பைக்கு வந்துடும். ஒரு காசுக்கு ஒரு வரி, வருஷம், மின்ட், எந்தத் தரத்துல வேணும், அவ்வளவு போதும். பெருசா எழுதாதீங்க, இருபது வரிக்கு மேல போனா எவனும் படிக்க மாட்டான். நான் டெய்லி ரிப்போர்ட் எழுதற சின்ன டைரியோட கடைசிப் பக்கத்துல இதை எழுதி வச்சிருக்கேன், கெடைச்சதும் கோடு போட்டு அடிச்சுடுவேன். அதே மாதிரி மத்தவங்க லிஸ்ட்டையும் எழுதி வச்சுக்குங்க, இதுலதான் சூட்சுமம் இருக்கு. பாபநாசத்துல ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருத்தர் 3 பைசா எல்லா வருஷமும் தேடுறாருன்னு எனக்குத் தெரியும், நான் திருவாரூர்ல ஒரு பழைய பாத்திரக்கடையில 3 பைசாவைப் பாத்தா எனக்கு வேணுமோ வேணாமோ எடுத்துடுவேன். பழைய பித்தளைப் பாத்திரம் எடைக்கு வாங்குற கடைக்குப் போய்ப் பாத்திருக்கீங்களா, குடத்துக்குள்ள, குத்துவிளக்கு அடியில, வெத்தலைப் பெட்டியிலன்னு வர்ற காசை ஒரு தகர டப்பால போட்டு வச்சிருப்பாங்க, ஒரு டீ வாங்கிக் கொடுத்து உக்காந்தா கிளற விடுவாங்க.

இப்ப தரம். இதைப் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லியாகணும், சண்டை வர்றதெல்லாம் இங்கதான். காசு தேயறது ஒரே சீரா தேயாது, மேடா இருக்கிற எடம் முதல்ல போகும். ஒரு அசோகச் சிங்கக் காசை எடுத்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, நடுச் சிங்கத்தோட மூக்கும் நெஞ்சு முடியும்தான் முதல்ல வழிச்சுக்கிட்டுப் போகும், பிடரி மயிர் கோடு கோடா தெரிஞ்சா நல்ல தரம், மொத்தமா மொழுமொழுன்னு இருந்தா சுமார். ஜார்ஜ் ராஜா வெள்ளி ரூபாய்ல கிரீடத்து முத்துக்களைப் பாருங்க, காதைப் பாருங்க. அஞ்சாம் ஜார்ஜோட 1911 ரூபாய்க்கு ஒரு கதை உண்டு, ராஜா மேலங்கியில ஒரு யானை போட்டிருந்தாங்க, தும்பிக்கை குட்டையாப் போய் பாக்க பன்னி மாதிரி இருக்குன்னு ஜனங்க கொந்தளிச்சு அதைத் திருப்பி வாங்கிட்டு அடுத்த வருஷம் யானையைத் திருத்தி விட்டாங்க. பன்னி ரூபாய்னே இன்னைக்கும் கலெக்டர்ங்க சொல்றது. அந்த யானை தெளிவாத் தெரியுற தரத்துல ஒரு காசைக் கையில வச்சுப் பாத்தா தேய்மானம்னா என்னன்னு உங்களுக்கே புரிஞ்சுடும்.

யு.என்.சி., எக்ஸ்.எஃப்., வி.எஃப்.னு இங்கிலீஷ்ல தரம் சொல்லுவாங்க, கையே படாதது, லேசா பட்டது, நல்லா புழங்குனதுன்னு வரிசையா எடுத்துக்குங்க. ஆனா நேர்ல மாத்தும்போது அந்த எழுத்தை நம்பாதீங்க, கண்ணை நம்புங்க. அவனவன் தன் காசுக்கு ஒரு படி கூடத்தான் போடுவான், நானும் அப்படித்தான்.

இதுல நான் வச்சிருக்கிற ஒரே பழக்கம், என் காசுல என்ன குறை இருக்கோ அதை எதுத்தாப்புல இருக்கிறவர் லென்ஸை எடுக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன். "சார், இது விளிம்புல ஒரு அடி வாங்கியிருக்கு", "அண்ணே, இது ஒரு காலத்துல தாயத்து வளையம் பத்தவச்சு எடுத்த காசு, மேல பாருங்க தடம் இருக்கு". நம்ம பக்கம் வெள்ளி ரூபாய்ல வளையம் பத்தவச்சு கழுத்துல போடுற வழக்கம் ஜாஸ்தி, அந்தத் தடத்தை அரம் போட்டு மறைச்சு தள்ளிவிடறவனும் ஜாஸ்தி. குறையைச் சொன்னா காசோட மதிப்பு கொஞ்சம் எறங்கும், இல்லன்னு சொல்லல. ஆனா அடுத்த தடவை நீங்க ஒண்ணும் சொல்லாம நீட்டுற காசை அவர் லென்ஸே போடாம வாங்கி வைப்பாரு பாருங்க, அதுக்கு வெலை கெடையாது.

தேய்மானம்னு சொன்னதும் ஞாபகம் வருது, காசைத் தேய்க்காதீங்க, தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. ஒரு ஆடிப்பெருக்குக்கு மொத நாள் எங்க அத்தை வீட்டு வெளக்கு, சொம்பு, தாம்பாளம் எல்லாத்தையும் புளி போட்டு தேய்ச்சுட்டு, மேசை மேல நான் பிரிச்சு வச்சிருந்த செப்புக் காசு இருபத்திரெண்டையும் சேத்து தேய்ச்சுட்டாங்க. சாயங்காலம் வந்து பாக்குறேன், ஒரு தட்டுல பரப்பி காய வச்சிருக்காங்க, புது செம்பு கணக்கா ரோஸ் கலர்ல பளபளன்னு இருக்கு. "எவ்ளோ அழுக்கு தம்பி, நீ பாட்டுக்கு இப்புடியே வச்சிருக்க"ன்னு அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் என்னத்த சொல்றது. நூறு வருஷமா படிஞ்ச அந்த பழுப்பு நெறம்தான் செப்புக் காசுக்கு தோல் மாதிரி, அது போனா திரும்ப வராது, பாக்குற கலெக்டர் ரெண்டு செகண்டுல கண்டுபுடிச்சுடுவான். அந்த இருபத்திரெண்டும் இன்னும் என்கிட்டயேதான் இருக்கு, யாருக்கும் வேணாம். மண்ணு ஒட்டியிருந்தா காய்ச்சி வடிகட்டுன தண்ணி, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர், அதுல ரெண்டு நாள் ஊற வச்சு துணியில ஒத்தி எடுங்க, அதுக்கு மேல எதுவும் வேணாம்.

வெலைக்கு வருவோம். மாத்திக்கிறதுல ரூபாய்க் கணக்கு முழுசா ஒதுக்க முடியாது, ஆனா அதையே புடிச்சுக்கிட்டு தொங்கவும் கூடாது. கேட்லாக் வெலை, ஏலத்துல போன வெலை ரெண்டையும் பாத்து ஒரு அளவு மனசுல வச்சுக்குங்க. வெள்ளிக் காசுக்கு ஒரு அடிவெலை இருக்கு, பிரிட்டிஷ் வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா, 1940க்கு முன்னாடி உள்ளது நூத்துக்கு 91.7 பங்கு வெள்ளி, 1940ல யுத்தத்துக்காக அதைப் பாதி வெள்ளியா ஆக்கி 1945 வரைக்கும் ஓட்டுனாங்க. ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரிதான் இருக்கும், வருஷம் பாக்காம ஒண்ணுக்கு ஒண்ணு மாத்துனீங்கன்னா கைக்காசு நஷ்டம்.

யூட்யூப்ல வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு பத்து லட்சம், 786 நம்பர் நோட்டுக்கு வீடு வாங்கலாம்னு வீடியோ போடறவங்களைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன், அந்தக் காசை அவனையே வாங்கிக்கச் சொல்லுங்க. இது விளையாட்டு இல்லைங்க, பழைய காசு வாங்கிக்கிறோம், முன்னாடி கமிஷன் கட்டு, டாக்ஸ் கட்டுன்னு பணம் புடுங்குறவங்க இருக்காங்கன்னு ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கை விட்டிருக்கு. அந்த மாதிரி வீடியோ பாத்துட்டு வர்ற ஆளோட காசு மாத்தவே முடியாது, அவர் கையில இருக்கிறது எல்லாமே லட்சம், நம்ம கையில இருக்கிறது எல்லாமே சில்லறை.

ரெண்டு பேருக்கும் கணக்கு சரியா வரலையா, பணத்தை எடுக்காதீங்க, கொசுறு போடுங்க. காய்கறிக்கடையில கருவேப்பிலை கொத்தமல்லி கேட்டு வாங்குறோம்ல, அதே. நான் பேண்ட் பாக்கெட்டுல ஒரு சின்ன டப்பாவுல கொசுறுக்குன்னே பத்து காசு வச்சிருப்பேன், ஓரம் வளைஞ்ச அலுமினியம் 10 பைசா, ஒரு தாமரை 20 பைசா, சிங்கப்பூர் பத்து சென்ட், இப்படி. "இதையும் வச்சுக்குங்க சார், பேரனுக்குக் குடுங்க"ன்னு ஒண்ணு போட்டா பேரம் அங்கேயே முடிஞ்சுடும். பெரிய வித்தியாசம்னா மட்டும் நோட்டுல எழுதிக்கிட்டு அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம்.

முதல் தடவை ஒருத்தர் வீட்டுக்குப் போறீங்கன்னா சில விஷயம் இருக்கு. அந்தப் பாபநாசம் சார் வீட்டுக்கு நான் முதல் தடவை போனப்ப ஆல்பத்தை வாசல்லயே தொறந்துட்டேன், ஆர்வக் கோளாறு. அவர் எதுவும் பேசல, உள்ள கூப்ட்டு, ஊஞ்சல் பக்கத்துல பாய் போட்டு, அதுக்கு மேல ஒரு வெள்ளை வேட்டியை நாலா மடிச்சு விரிச்சாரு. "காசு கீழ விழுந்தா சத்தம் வரக்கூடாது தம்பி, விழுந்த காசுல அடி படும்"னு சொன்னாரு. அப்புறம் காப்பி வந்துச்சு, குடிச்சு முடிச்சு கை கழுவிட்டு வர்ற வரைக்கும் காசைத் தொடவே விடல. காசை விளிம்புலதான் புடிக்கணும், முகத்துல கட்டைவிரல் வைக்கக்கூடாது, வேர்வை பட்டா வெள்ளியில ரேகை அப்படியே கறுத்து நிக்கும். இன்னொருத்தர் ஆல்பத்துல இருந்து நீங்களா உருவக்கூடாது, அவங்க எடுத்து துணி மேல வைப்பாங்க, அதுக்கப்புறம் நீங்க எடுக்கணும், கைக்குக் கை வாங்கக்கூடாது. யார் வீட்டுக்குப் போறோமோ அவங்க டபுளை முதல்ல காட்டட்டும்னு விடறது மரியாதை. ஒரு காசு ரொம்பப் புடிச்சா மூஞ்சில காட்டாதீங்கன்னு சில பேர் சொல்லுவாங்க, நான் அப்படியே காட்டிடுவேன், எனக்கு நடிக்க வராது.

அப்புறம் ஒண்ணு, "இது மாத்துறதுக்கு இல்ல"ன்னு அவர் சொல்லிட்டா அதோட விட்டுடணும். திரும்பத் திரும்ப கேட்டா அடுத்த தடவை அந்த ஆல்பமே வெளில வராது. சாருக்கு ஒரு நிக்கல் எட்டணா இருக்கு, தேஞ்சுபோன காசுதான், அவரோட அப்பா முதல் நாள் பள்ளிக்கூடம் போறப்ப கொடுத்ததாம். அதைப் போய் யாராவது கேப்பாங்களா.

சின்னப் பசங்களோட மாத்தும்போது மட்டும் ரெட்டிப்பு ஜாக்கிரதை. ஆறாவது படிக்கிற பையன் தாத்தா பெட்டியில இருந்து வெள்ளி ரூபாயை எடுத்துட்டு வந்து, மாமா இதுக்கு கங்காரு போட்ட காசு தாங்கன்னு நிப்பான். அவன் தாத்தாவைக் கேக்காம தொடாதீங்க. பசங்களுக்கு நான் சும்மாவே கொடுத்துடறது, கொஞ்ச வருஷத்துல அதுல ஒருத்தனாவது பெரிய கலெக்டரா வந்து எனக்கு மாத்த ஆள் கெடைக்கட்டும்.

போலியைக் கண்டுபுடிக்க ரொம்ப வித்தை வேணாம், ஒரு சின்ன காந்தமும் நகைக்கடை டைப் சின்ன தராசும் போதும். புலி போட்ட 1947 ஒரு ரூபாயை வெள்ளின்னு சொல்லி தலையில கட்டப் பாப்பாங்க, அது நிக்கல், காந்தத்துல ஒட்டும். வெள்ளி ஒட்டாது. அதே மாதிரி விக்டோரியா ரூபாய் காந்தத்துல ஒட்டுனா அது இரும்புக்கு முலாம் பூசுனது, எழுந்து வந்துடுங்க. தராசுல 11.66க்குப் பக்கத்துல நிக்கணும், தேஞ்சதுன்னா கொஞ்சம் கொறையலாம், ஒன்பதரை கிராம்னு காட்டுனா சிரிச்சுட்டு திருப்பிக் கொடுத்துடுங்க. ராஜராஜன் செப்புக் காசுதான் நம்ம பக்கம் அதிகமா போலி வர்றது, டூரிஸ்ட் வர்ற எடத்துல விக்கிறதைப் பாத்திருப்பீங்க. அசல்ல ஒரு பக்கம் நிக்கிற உருவம், இன்னொரு பக்கம் உக்காந்த உருவத்துக்குப் பக்கத்துல நாகரியில ஸ்ரீ ராஜராஜன்னு எழுத்து, அந்த எழுத்து வெட்டுன மாதிரி நறுக்குன்னு இருக்கும், ஏன்னா அது அச்சு வச்சு அடிச்ச காசு. போலியை அச்சுல ஊத்தி எடுப்பாங்க, அதனால எழுத்து மெழுகு மாதிரி உருகுன கணக்கா இருக்கும், லென்ஸ்ல பாத்தா சின்னச் சின்ன குமிழி ஓட்டை, விளிம்பை சுத்தி ஒரு கோடு இல்லன்னா அரம் போட்ட தடம். பச்சையா களிம்பு இருந்தா பழசுன்னு நெனச்சுடாதீங்க, பச்சை ரெண்டு நாள்ல வர வைக்கலாம்.

சட்டத்தையும் ஒரு ஓரமா தெரிஞ்சு வச்சுக்குங்க. கோடையில ஆறு வத்துனா படித்துறைப் பக்கம் மணலை சல்லடையில அரிக்கிறவங்களை நாம எல்லாருமே பாத்திருக்கோம், அவங்ககிட்ட இருந்து காசு வாங்குறதுக்கு ஆசையா இருக்கும். 1878ல போட்ட புதையல் சட்டம் இன்னும் இருக்கு, மண்ணுல மறைஞ்சு கெடந்து கெடைச்ச பொருள் 10 ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்குத் தெரியப்படுத்தணும், மாவட்ட கலெக்டரைச் சொல்றேன், காசு கலெக்டரை இல்ல. அதனால இது எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டு, பானையோட கெடைச்சுது, கொல்லையில தோண்டறப்ப வந்துச்சுன்னு பதில் வந்தா நான் கை வைக்கிறதில்ல. நூறு வருஷத்துக்கு மேல பழைய காசை சிங்கப்பூர்ல இருக்கிற மச்சானுக்கு பார்சல் போடறதும் கூடாது, 1972 தொல்பொருள் சட்டத்துல அது குத்தம். இன்னொண்ணு, 2016ல செல்லாமப் போன 500, 1000 நோட்டு, சும்மா வச்சிருக்கிறவங்க மொத்தம் 10 நோட்டுக்கு மேல வச்சிருக்கக் கூடாது, சேகரிப்புக்கு ஆராய்ச்சிக்குன்னா 25 வரைக்கும் விட்டிருக்காங்க, 2017ல வந்த சட்டம். அதை கட்டா வச்சுக்கிட்டு மாத்தலாமான்னு வர்றவனைக் கண்டா ஒதுங்கிடுங்க.

தூரத்து ஆளோட மாத்துறதுன்னா ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க, ஜன்னல் பக்கத்துல காலை வெளிச்சத்துல, பிளாஷ் போடாம, பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு. விளிம்பையும் ஒரு போட்டோ. புதுசா வந்தவர் முதல்ல அனுப்பணுங்கிறது பழக்கம், அவருக்கு நம்பிக்கை இல்லன்னா முதல் தடவை சின்னதா, போனாலும் வயிறு எரியாத அளவுக்கு மாத்திப் பாருங்க. பேக்கிங் முக்கியம். ஒவ்வொரு காசையும் அட்டை ஹோல்டர்ல வச்சு பின் அடிச்சு, பின்னோட முனையை இடுக்கியால அமுக்கிடுங்க இல்லன்னா பக்கத்துக் காசைக் கீறிடும், அதை ரெண்டு அட்டைக்கு நடுவுல டேப் போட்டு ஒட்டி, குலுக்குனா சத்தம் வராத மாதிரி பண்ணி கவர்ல போடுங்க. கவர் மேல காசு, நாணயம்னு எதையும் எழுதாதீங்க. ரிஜிஸ்டர் தபால் 2025ல ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துடுச்சு, வெலை உள்ள சரக்குன்னா இன்சூரன்ஸ் போட்டே அனுப்புங்க. ரப்பர் பேண்டு போட்டு காசைக் கட்டாதீங்க, அதுல கந்தகம் இருக்கு, வெள்ளி கோடு கோடா கறுத்துடும். மெத்துமெத்துன்னு வழவழப்பா இருக்கிற பிளாஸ்டிக் பாக்கெட்டும் வேணாம், கொஞ்ச நாள்ல பச்சையா பிசுபிசுன்னு கசியும், ஐப்பசி கார்த்திகை ஈரத்துல இன்னும் சீக்கிரம். எங்க வேதாரண்யத்து நண்பர் 2018 கஜா புயல்ல ஓடு பறந்து ஆல்பம் முழுக்க நனைஞ்சு, மூணு நாள் கழிச்சுத்தான் எடுக்க முடிஞ்சுது, அட்டை ஹோல்டர்ல இருந்த சிலோன் காசெல்லாம் தொடைச்சதும் தப்பிச்சுது, அந்த பிளாஸ்டிக் பாக்கெட்டுல இருந்தது உள்ளயே ஒட்டிக்கிட்டு வீணாப் போச்சு. இப்ப அவர் எல்லாத்தையும் எவர்சில்வர் தூக்குல போட்டு, சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலு போட்டு மூடி வச்சிருக்காரு. பாக்க சோத்து தூக்கு மாதிரிதான் இருக்கும், திருடன் வந்தாலும் தொட மாட்டான்.

மாத்தி முடிச்ச அன்னைக்கே நோட்டுல எழுதிடுங்க, தேதி, யார்கிட்ட, எது போச்சு, எது வந்துச்சு, மிச்சம் யாருக்கு. அப்புறம் எழுதலாம்னு விட்டா மறந்துடும். என் நோட்டுல இப்ப நிக்கிற பாக்கி, மன்னார்குடி அண்ணனுக்கு புள்ளி போட்ட நொய்டா ரெண்டு ரூபாய் ஒண்ணு நான் தரணும், வேதாரண்யத்துல இருந்து ஒரு கால் சென்ட் எனக்கு வரணும், பாபநாசம் சாருக்கு 3 பைசாவுல இன்னும் ஒரு வருஷம் பாக்கி. திருவாரூர்ப் பாத்திரக்கடை டப்பாவை வர்ற வியாழக்கெழமை மறுபடி ஒரு தடவை கிளறிப் பாக்கணும்.